டிரோன் வீடியோ நெளிகிறதா, துடிக்கிறதா, இருட்டுகிறதா? என்டி ஃபில்டர் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சேலத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளும் ஏற்காட்டில் ரிசார்ட்டுகளுக்குப் படம் எடுக்கும் நண்பர்களும் என்னிடம் கொண்டுவரும் மெமரி கார்டுகளில் ஒரே ஏழெட்டுக் குறைகள்தான் திரும்பத் திரும்ப இருக்கின்றன. "அண்ணா, ஃபில்டர் சரியில்லை" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடிதான் என்டி ஃபில்டர். அதன் எண் ஏற ஏறக் கறுப்பு கூடும். சில நேரம் அது உண்மை. பல நேரம் ஃபில்டர் நன்றாகவே இருக்கும், எண்தான் தப்பு. இன்னும் சில நேரம் கோளாறு மோட்டாரிலோ ப்ரொப்பல்லரிலோ இருக்கும், ஃபில்டர் அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கும்.

அதனால் கீழே எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்கள் படத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். பர்ஸைத் திறப்பது கடைசியில்.

## எந்தத் தலைப்புக்குப் போகும் முன்பும் ஒரு வகுத்தல்

ஆக்‌ஷன் கேமராவில், அதாவது டிரோனில் கட்டிப் பறக்கவிடும் சின்னக் கேமராவில், லென்ஸ் துவாரத்தைச் சுருக்க முடியாது. கோப்ரோவில் மாடலைப் பொறுத்து எஃப்2.8, எஃப்2.5 என்று ஒரே இடத்தில் நிற்கும். ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவும் 100க்குக் கீழே இறங்காது. வெயில் ஏறினால் கேமராவுக்கு இருக்கும் ஒரே வழி ஷட்டரை வேகமாக்குவது, அதாவது ஒளியை உள்ளே விடும் நேரத்தைக் குறைப்பது. அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தத்தான் ஃபில்டர்.

எந்த எண் ஃபில்டர் என்பதை வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபில்டரைக் கழற்றி வையுங்கள். ஐஎஸ்ஓவின் குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டையும் 100இல் பூட்டுங்கள். எச்டிஆர் மாதிரி பல போட்டோக்களை ஒன்றாக்கும் வேலைகளை அணைத்துவிட்டு, ஷட்டரை ஆட்டோவில் விட்டு, பறக்கப்போகும் திசையைப் பார்த்து ஒரு போட்டோ எடுங்கள். போனில் அந்தப் போட்டோவின் விவரத்தைத் திறந்தால் 1/1600 என்பது போல ஓர் எண் இருக்கும். கிம்பல் (கேமராவை ஆடாமல் பிடித்திருக்கும் மோட்டார் தாங்கி) வைத்த டிரோன் என்றால் இந்த வேலைகூட இல்லை, ஆப் திரையிலேயே ஷட்டர் எண் தெரியும்.

இப்போது உங்களுக்கு வேண்டிய ஷட்டரால் வகுங்கள். 25 ஃப்ரேமில் (நொடிக்கு 25 படம்) எடுத்தால் வேண்டியது அந்த எண்ணை இரட்டிப்பாக்கிய 1/50. 1600ஐ 50ஆல் வகுத்தால் 32. வெளிச்சத்தை 32இல் ஒரு பங்காக்கும் என்டி32 போடுங்கள். 50 ஃப்ரேமில் எடுத்தால் வேண்டியது 1/100. 1600ஐ 100ஆல் வகுத்தால் 16. அவ்வளவுதான் கணக்கு. விடை இரண்டு ஃபில்டருக்கு நடுவில் விழுந்தால் சிறிய எண்ணையே எடுங்கள். ஏன் என்று இருட்டுத் தலைப்பில் சொல்கிறேன்.

சேலம் சமவெளியில் மேகமில்லாத நண்பகலில் எஃப்2.8 கேமரா ஏறத்தாழ 1/3200 காட்டும். அதே நாளில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று பார்த்தால் 1/400 காட்டும். இன்னும் அடர்ந்த இடத்தில் 1/200. முக்கால் மணி நேரப் பயணத்தில் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. கீழே மாட்டிய ஃபில்டரோடு மேலே போய்ப் பறக்கவிடுவதுதான் ஏற்காட்டில் கெட்டுப்போகும் படங்களுக்குப் பெரிய காரணம்.

கிம்பல் டிரோன் வைத்திருப்பவர்கள் லென்ஸ் எண்ணையும் பாருங்கள். டிஜேஐ மினி 3, மினி 3 ப்ரோ, மினி 4 ப்ரோ ஆகியவை எஃப்1.7. எஃப்2.8 லென்ஸைவிட இரண்டே முக்கால் மடங்கு வெளிச்சம் உள்ளே போகும். நண்பர் வைத்திருக்கும் பழைய டிரோனுக்கு என்டி32 சரியாக இருந்தது என்று நீங்களும் அதையே வாங்கினால் பற்றாது. மினி 3 ப்ரோவுக்குக் கம்பெனியே தரும் தொகுப்பில் 16, 64, 256 என்று இருப்பது இதனால்தான்.

சோதனைப் பறத்தலும் பறத்தல்தான். காமலாபுரம் விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு உண்டு. அரசின் டிஜிட்டல் ஸ்கை டிரோன் வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளப்புங்கள். சேர்வராயன் மலையில் காப்புக்காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

## படம் ஜெல்லி போல நெளிகிறது

நேராக இருக்க வேண்டிய விளக்குக் கம்பம் பாம்பு போல வளையும். அல்லது படம் முழுக்க நீர் அலை மாதிரி கிடைக்கோடுகள் ஓடும். இதைத்தான் எல்லோரும் ஜெல்லோ என்கிறார்கள். இந்தத் தலைப்பை மட்டும் அவசரப்படாமல் முழுதாகப் படியுங்கள். இங்கே தவறான முடிவெடுத்தால் படத்தோடு போகாது, டிரோனே கீழே விழும்.

ஃபில்டரைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது? ஃபில்டரை விரல் நகத்தால் மெதுவாகத் தட்டுங்கள். கடகடவென்று ஆடினால் அது சரியாக உட்காரவில்லை. கேமராவைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கேமரா மட்டும் தனியாக ஆடினால் மவுண்ட் ஸ்க்ரூவை இறுக்குங்கள். ரப்பர் போன்ற டிபியு மவுண்ட் என்றால் விரிசல் இருக்கிறதா பாருங்கள். வெயிலில் கார் டேஷ்போர்டில் கிடந்த மவுண்ட் வடிவம் மாறியிருக்கும்.

ஷட்டர் எவ்வளவு வேகத்தில் ஓடியிருக்கிறது? 1/2000க்கு மேல் ஓடியிருந்தால் சாதாரணமாக எல்லா டிரோனிலும் இருக்கும் சின்ன அதிர்வுகூடக் கோடாகப் பதியும். மேலே சொன்ன வகுத்தலைச் செய்து சரியான ஃபில்டரைப் போட்டு இன்னொரு முறை பறக்கவிடுங்கள். கோடு முழுதாக மறைந்து, படத்தை நிறுத்திப் பார்த்தாலும் இலையோரம் கூர்மையாக இருந்தால் வேலை முடிந்தது.

கோடு மறைந்தது, ஆனால் படம் சோப்பு போட்ட மாதிரி மங்கிவிட்டது. இங்கே நிறுத்துங்கள். ஃபில்டர் அதிர்வை நிறுத்தாது. ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருப்பதால் அதிர்வு கோடாகத் தெரியாமல் மங்கலாகக் கலந்துவிடுகிறது, அவ்வளவுதான். அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி ஐந்து அங்குல எஃப்பிவி டிரோனோடு (டிரோன் பார்ப்பதைக் கண்ணில் மாட்டிய திரையில் பார்த்து ஓட்டும் வகை) வந்தார். ஜெல்லோவுக்காக என்டி8 வாங்கி, போதவில்லை என்று 16 வாங்கி, பிறகு 32 வாங்கியிருந்தார். ஒவ்வொன்றிலும் கோடு குறைந்தது, படமும் மங்கியது. ப்ரொப்பல்லரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றின் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு வெட்டு. எஸ்டேட்டில் காப்பிக் கிளையில் உரசியது என்று அப்புறம்தான் நினைவுக்கு வந்தது அவருக்கு. நான்கையும் மாற்றியதும் என்டி8லேயே படம் சுத்தமாக வந்தது. சில நூறு ரூபாய் வேலை.

ஆகவே அடுத்து ப்ரொப்பல்லர். நுனியில் வெட்டு, நடுவில் வெள்ளையாக மடிந்த கோடு, ஒரு பக்கம் வளைவு இவற்றில் எது இருந்தாலும் ஒட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள், மாற்றுங்கள். ஒன்று போனால் நான்கையும் மாற்றுவது என் வழக்கம். பழையதும் புதியதும் கலந்தால் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது.

புது ப்ரொப்பல்லரிலும் ஜெல்லோ அப்படியே இருந்தால் மோட்டார். ப்ரொப்பல்லர்களை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் சுற்றுங்கள். மணல் அரைக்கும் உணர்வு வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. மேல் மூடியைப் பிடித்து மேலும் கீழும் இழுங்கள். நன்றாகவே ஆடினால் ஷாஃப்ட் பக்கம் கோளாறு. பிறகு ஒவ்வொரு மோட்டாரையும் தனித்தனியாகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு டிரோனின் கைமேல் விரலை வையுங்கள். ஒன்று மட்டும் கூடுதலாக அதிர்ந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். எஃப்பிவி கட்டத் தெரிந்தவர் அதைத் தானே மாற்றிக்கொள்ளலாம். கடையில் வாங்கிய மடக்கு டிரோன் என்றால் கையோடு சேர்ந்த மோட்டார் என்பதால் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.

டிரோனின் கையில் மயிரிழை விரிசல் கண்டாலோ, மோட்டார் சுட்டுக்கொண்டே இறங்கினாலோ அன்றைய வேலையை ரத்து செய்யுங்கள். கல்யாண வீட்டார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பந்தலுக்கு மேலே கை உடைந்து விழும் டிரோனுக்குக் கீழே குழந்தைகள் நிற்பார்கள்.

## படம் நிலையாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஏதோ துடிக்கிறது

இதுதான் கடந்த சில ஆண்டுகளில் எனக்கு அதிகம் வரும் கேள்வி. ஏற்காடு மலைப்பாதையில் பைக்கைத் துரத்திப் பறந்த படம். பைக் நடுவில் அழகாக நிற்கிறது, சாலை வழுக்கிக்கொண்டு போகிறது, குலுக்கலே இல்லை. ஆனால் அரை நொடிக்கொரு முறை மரங்கள் மட்டும் மங்கித் தெளிகின்றன. கண்ணில் ஏதோ உறுத்துகிற மாதிரி இருக்கும், எது என்று சொல்லத் தெரியாது.

காரணம் ஃபில்டர் அதிகமானது. கேமரா குலுங்கிய கணத்தில் 1/50 ஷட்டர் அந்தக் குலுக்கலை மங்கலாகப் பதிந்துவிட்டது. பிறகு ஹைப்பர்ஸ்மூத், ராக்ஸ்டெடி, ஜைரோஃப்ளோ என்று குலுக்கலைக் குறைக்கும் எந்த மென்பொருளைப் போட்டாலும் அது படத்தை நகர்த்தி நேராக்கும். பதிந்துவிட்ட மங்கலை எடுக்க அதனால் முடியாது. நிற்கும் படத்துக்குள் ஓடும் மங்கல்தான் நீங்கள் பார்க்கும் துடிப்பு.

சினிமாக்காரர்களின் 1/50 விதியைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே கொண்டுவரக் கூடாது. அது கிம்பலுக்கும் ட்ரைபாடுக்கும் பொருந்தும். மென்பொருள் வைத்து நிலைப்படுத்தும் கேமராவுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு வேறு. நிதானமாக மிதக்கும் பறத்தல் என்றால் 1/100. வளைவுகளில் திரும்பித் திரும்பிப் போகும் வேகப் பறத்தல் என்றால் 1/200. அதாவது வகுக்கும்போது 50க்குப் பதில் 100 அல்லது 200. சேலம் நண்பகலின் 3200ஐ 200ஆல் வகுத்தால் என்டி16. மலைப்பாதையில் மரநிழலும் வெயிலும் மாறி மாறி வரும் இடத்தில் எனக்கு என்டி8 போதுமானதாக இருந்திருக்கிறது. பல நாள் என்டி4.

சரி, ஃபில்டரையே கழற்றிவிட்டேன், இன்னும் துடிக்கிறதே என்கிறீர்களா? எடுத்த நேரத்தைப் பாருங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் ஏரியைச் சுற்றி மரங்களுக்கு அடியில் வெளிச்சம் போய்விடும். ஆட்டோவில் விட்ட ஷட்டர் தானாகவே 1/50க்கு இறங்கிவிடும். ஷட்டரைக் கையால் 1/100இல் வைத்து, ஐஎஸ்ஓவை 400 வரை ஏற விடுங்கள். கொஞ்சம் புள்ளி வரும். புள்ளியை எடிட்டிங்கில் குறைக்கலாம், துடிப்பைக் குறைக்க வழியில்லை.

அதற்கும் சரியாகவில்லை என்றால் மேலே உள்ள ஜெல்லோ தலைப்புக்குப் போங்கள். டிரோன் வழக்கத்தைவிட அதிகம் அதிர்கிறது. ஜைரோஃப்ளோ பயன்படுத்துபவர்கள் கேமராவின் சொந்த நிலைப்படுத்தலை அணைத்தார்களா என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் படம் ரப்பர் மாதிரி இழுபடும்.

## படம் விட்டு விட்டுத் தாவுகிறது

முதலில் அதே ஃபைலை வேறு போனில் ஓட்டிப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் 4கே ஃபைல் தாவும், கேமராவின் மேல் தப்பே இருக்காது. இரண்டாவது, மெமரி கார்டு. அதன்மேல் வி30 என்ற வேகக் குறி அச்சிட்டிருக்க வேண்டும்.

இரண்டும் சரி என்றால் டிரோனைத் திருப்பும் வேகத்தைக் குறையுங்கள். ஃபில்டர் வாங்கும் முன் விரலைக் கட்டுப்படுத்துவது இலவசம். அதற்குப் பிறகும் தாவினால் ஷட்டர் வேகம் கூடியிருக்கிறது, மேலே சொன்ன வகுத்தல்தான் மருந்து.

இன்னொன்றையும் மனதார நம்பிச் சொல்கிறேன். ஏற்காடு ஏரியையோ மூக்கனேரியின் திட்டுகளையோ எண்பது மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும்போது என்டி ஃபில்டர் போட்டதற்கும் போடாததற்கும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தூரத்துப் பொருள் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே நகரும் அளவு அவ்வளவு குறைவு. ஃபில்டரின் பலன் தெரிவது தரையோடு ஒட்டிப் பறக்கும்போது, மரங்களுக்கு நடுவே நுழையும்போது, பக்கத்தில் வண்டியோ ஆளோ ஓடும்போது. உயரத்துக் காட்சிக்காக மட்டும் ஃபில்டர் தொகுப்பு வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் இன்னொரு பேட்டரி வாங்கலாம்.

## படம் இருட்டாக, புள்ளி புள்ளியாக இருக்கிறது

ஐஎஸ்ஓ ஏறியிருக்கிறது. அதாவது அந்த வெளிச்சத்துக்கு ஃபில்டர் கனம்.

சமவெளியில் இது அபூர்வம். மலையில் அன்றாடம். பகோடா பாயிண்டில் பளிச்சென்று வெயில் இருக்கும்போது என்டி32 போட்டுக் கிளப்புவீர்கள். ஐந்தாவது நிமிடத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வரும். வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகும். டிரோன் காற்றில் இருக்கிறது, ஃபில்டரை மாற்ற முடியாது. கேமரா ஐஎஸ்ஓவை 100லிருந்து 800க்கு ஏற்றும். அதன்பின் வரும் படம் முழுக்கப் புள்ளி. பச்சை மலை சாம்பலாகிவிடும்.

இதனால்தான் மலையில் ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பறத்தலில் வரப்போகும் மிக இருட்டான இடத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஃபில்டர் குறைவாகிவிட்டால் வெயிலில் ஷட்டர் கொஞ்சம் வேகமாகும், படம் லேசாகக் கூர்மையாகத் தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஃபில்டர் அதிகமாகிவிட்டால் அந்தக் காட்சி கைவிட்டுப் போகும். வகுத்தலில் நடுவில் விழுந்தால் சிறிய எண் என்று சொன்னதும் இதற்காகத்தான்.

சரிபார்க்க வேண்டியவை: ஐஎஸ்ஓ மேல் எல்லையை 400இல் பூட்டியிருக்கிறீர்களா, ஷட்டர் ஆட்டோவிலா கையிலா, போன முறை போட்ட ஃபில்டரைக் கழற்ற மறந்தீர்களா. கடைசியாகச் சொன்னது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. ஃபில்டரின் ஓரத்தில் எண் அச்சிட்டிருக்கும், கிளப்பும் முன் வாய்விட்டுப் படியுங்கள்.

ஃபில்டர் மாற்றுவதைக் காருக்குள் கதவை மூடிக்கொண்டு செய்யுங்கள். ஏற்காட்டுப் பாதையில் குரங்குகள் பளபளப்பான சின்னப் பெட்டியை விடாது.

வெளிச்சம் சரியாக இருந்து, ஃபில்டர் இல்லாமல், ஐஎஸ்ஓ 100இலேயே புள்ளி வந்தால் சென்சாரில் கோளாறு. அதை வீட்டில் திறக்காதீர்கள்.

## நிறம் மாறிவிட்டது

காப்பி இலைகள் பழுப்பேறித் தெரியும். முகம் ஊதா கலந்து இருக்கும். வெள்ளை வேட்டி பச்சையாகும்.

வைட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் முதலில் அதை 5500கே என்று பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் வானத்திலிருந்து காட்டுக்குத் திரும்பும்போது ஒரே காட்சிக்குள் நிறம் நகரும். அது ஃபில்டர் குற்றமே அல்ல.

பூட்டிய பிறகும் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளை வெயிலில் வைத்து ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டு போட்டோ எடுங்கள். தாள் முழுக்க ஒரே சாயம் என்றால் கவலை வேண்டாம், எடிட்டிங்கில் ஒரே அளவு திருத்தத்தில் சரியாகும். நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் வேறு நிறம் என்றால் அந்த ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள். அதைத் திருத்த யாராலும் முடியாது. இலைகள் மட்டும் பழுப்பாகி மற்ற எல்லாம் சரியாக இருந்தால் ஃபில்டர் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கவில்லை. இலைகள் அதை நிறையத் திருப்பி அனுப்பும். எண் ஏற ஏற இந்தக் குறை கூடும். மலிவான தொகுப்பில் 4, 8 நன்றாக இருந்து 32, 64 மட்டும் கெட்டிருப்பது அதனால்தான்.

சேலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மாக்னசைட் வெட்டிக் குவித்த வெள்ளை மேடுகள் சாலையிலிருந்தே தெரியும். அவற்றை வைத்து ஒரு போட்டோ எடுத்தால் சாயமும் தெரியும், வெள்ளை வெளிறிப்போகிறதா என்பதும் தெரியும்.

## வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலம்

உங்கள் ஃபில்டரில் பிஎல் என்று எழுதியிருக்கும். பொலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) சேர்ந்தது. சூரியனுக்குப் பக்கவாட்டில் இருக்கும் வானத்தை அது அதிகம் இருட்டாக்கும். ஆக்‌ஷன் கேமராவின் அகன்ற லென்ஸில் வானம் பெரிதாக விழுவதால் திட்டுத் திட்டாகத் தெரியும். டிரோன் திரும்பத் திரும்பத் திட்டும் நகரும். அகன்ற லென்ஸுக்குச் சாதாரண என்டி மட்டும் வாங்குங்கள்.

சுற்றிச் சுற்றி அளவை மாற்றும் ஃபில்டரும் இரண்டு பொலரைசர் சேர்ந்ததுதான். அதைக் கடைசி அளவு வரை திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி நிழல் விழும். பறக்கும் கேமராவுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

## மூலைகள் கறுப்பு

ஃபில்டரின் வளையம் தடிமன், அல்லது அது கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கழற்றி மாட்டுங்கள். நான்கு மூலையும் சமமாகக் கறுத்தால் லென்ஸ் அகலத்தை ஒரு படி குறையுங்கள். ஒரு மூலை மட்டும் என்றால் கோணல். கோப்ரோ 9 முதல் 12 வரை முன் கண்ணாடியை முறுக்கிக் கழற்றி அதே இடத்தில் ஃபில்டர் போட முடியும், கண்ணாடிக்கு மேல் இன்னொன்றை ஒட்டத் தேவையில்லை. கோப்ரோ 8இல் அந்தக் கண்ணாடி கழறாது, மேலே மாட்டும் வகைதான்.

## ஒளிப்புள்ளிகள், தலைகீழ் விளக்குகள், பனி படர்ந்த மாதிரி மங்கல்

லேடீஸ் சீட்டிலிருந்து இருட்டியபின் கீழே சேலம் நகரத்து விளக்குகளை எடுத்த படங்களில் வானத்தில் சின்ன விளக்குகள் மிதக்கும். ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒளி திரும்பித் திரும்பி அடிப்பதால் வருவது. இரவில் ஃபில்டருக்கு வேலையே இல்லை, கழற்றுங்கள்.

பகலில் சூரியன் ஃப்ரேமில் இருக்கும்போது புள்ளிகள் வந்தால் முதலில் விரல் ரேகையைத் துடையுங்கள். அப்படியும் இருந்தால் ஃபில்டருக்குப் பூச்சு இல்லை, நல்லதாக ஒன்று வாங்க வேண்டியதுதான்.

படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி இருந்தால் ஃபில்டரின் உட்புறத்தைப் பாருங்கள். ஏசி காரிலிருந்து நேராக ஈரக்காற்றுக்கு எடுத்தால் உள்ளே நீராவி படியும். இருபது நிமிடம் பையைத் திறந்து வெளியே வையுங்கள். ஃபில்டர் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். ஃபில்டரைக் கழற்றிய பிறகும் லென்ஸுக்கு உள்ளே ஈரம் தெரிந்தால் சர்வீஸ் ஆளிடம்தான் போக வேண்டும். ஹேர் ட்ரையர் காட்டாதீர்கள்.

## கறுப்புக் கோடுகள் பளிச் பளிச் என்று ஓடுகின்றன

எடுத்தது பகலிலா, விளக்கிலா?

பகல் என்றால் சூரியன் எங்கே இருந்தது என்று பாருங்கள். முன்னால், உயரத்தில் இருந்தால் ப்ரொப்பல்லரின் நிழல் லென்ஸில் விழுந்திருக்கிறது. இதை ஜெல்லோ என்று நினைத்து மோட்டாரை மாற்றியவர்கள் உண்டு. வித்தியாசம் எளிது. ஜெல்லோவில் பொருள் வளையும். நிழலில் பொருள் நேராகவே இருக்கும், வெளிச்சம் மட்டும் வெட்டி வெட்டி வரும். திசையைக் கொஞ்சம் மாற்றினால் போய்விடும். கனமான ஃபில்டரும் கோட்டைக் கரைக்கும். கேமராவுக்கு மேல் சின்ன நிழல் மூடி வைத்தாலும் போதும்.

விளக்கு என்றால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஆன்டி ஃப்ளிக்கர் அமைப்பை 50க்கு மாற்றி 25 அல்லது 50 ஃப்ரேமில், ஷட்டர் 1/50 அல்லது 1/100இல் எடுங்கள். மண்டபத்து சீரியல் லைட்டுகள் சிலவற்றில் அப்படியும் மினுக்கும். அது விளக்கின் தரம், கேமராவால் தீர்க்க முடியாது.

## ஃபில்டர் போட்டதும் கிம்பல் பிழை காட்டுகிறது

டிரோனை அணையுங்கள். ஃபில்டரைக் கழற்றி, மீண்டும் ஆன் செய்யுங்கள். பிழை போய்விட்டால் கிம்பல் நன்றாக இருக்கிறது.

அப்படியானால் காரணம் இவற்றில் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபில்டரை மாட்டியிருப்பீர்கள், எப்போதும் அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வேறு மாடலின் ஃபில்டராக இருக்கும். மினி 2க்கும் மினி 3க்கும் ஒன்று பொருந்தாது, சில கிராம் எடை கூடினாலே சின்னக் கிம்பல் திணறும். அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டர் போட்டிருப்பீர்கள். சரியான ஃபில்டரைப் போட்டு, சமமான மேசையில் வைத்து ஆப்பில் கிம்பல் கேலிபரேஷன் ஓட்டுங்கள். ஏற்காட்டில் கார் பானட்டின்மேல் வைத்து ஓட்டினால் அடிவானம் கோணலாகிவிடும்.

ஃபில்டர் இல்லாமலும் பிழை வந்தால், கேமரா தலை தொங்கினால், ஆன் செய்யும்போது கரகர சத்தம் வந்தால் உள்ளே ரிப்பன் கேபிளோ கிம்பல் மோட்டாரோ போயிருக்கிறது. இதை யூடியூப் பார்த்துத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ரிப்பன் காகிதத்தைப் போலக் கிழியும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன்களை முழுதாக இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. உதிரிபாகம் வரும், புது டிரோன் எளிதில் வராது. கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது.

சர்வீஸுக்குக் கொண்டுபோகும்போது இரண்டு சின்ன வீடியோக்களைக் கார்டில் வைத்துக் கொடுங்கள். ஒரே இடம், ஒரே உயரம், ஐஎஸ்ஓ 100. ஒன்று ஃபில்டரோடு, ஒன்று ஃபில்டர் இல்லாமல். கிம்பல் போய்ப் பறக்க முடியாத நிலை என்றால் மேசையில் வைத்து ஆன் செய்யும் காட்சியைப் போனில் சத்தத்தோடு எடுத்துக் கொடுங்கள். ஃபில்டர் எண்ணையும், எப்போது கடைசியாக விழுந்தது அல்லது உரசியது என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். விழுந்ததை மறைக்காதீர்கள். அதைச் சொல்லிவிட்டால் அவர் முதலில் எங்கே திறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.